ஐநூத்தி எண்பத்தி நாலு

இல்லீங்க, எட்டிப் பார்த்தேன்னு நினைச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுல போன் பாடுனா கண்ணு தானா அங்க போயிருது. அந்த வீடியோவுல இருக்கறது உங்க அக்கா பொண்ணுங்களா? சந்தோசம். நல்லா இருக்கட்டும். முதல்ல குத்துவிளக்கு எரியும், ரெண்டு பக்கமும் மத்தாப்பு வெடிக்கும், புள்ளையோட போட்டோ வட்டமாச் சுத்தி வந்து நிக்கும், கீழ மார்க்கு கடகடன்னு ஏறி வந்து நிக்கும். அதானுங்களே? அது நான் பண்ணதுங்க.

நெசமாத்தான். என் பேரு அர்த்தநாரி. ஊரு திருச்செங்கோடு. அங்க வீடியோ ஸ்டுடியோவுல வேலை. முன்னாடி பிளக்ஸ் போர்டு டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கல்யாணப் பத்திரிகை வீடியோ, காதுகுத்து வீடியோ, இப்ப பள்ளிக்கூடங்களுக்கு ரிசல்ட் வீடியோ. பன்னண்டாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா ஒரு வீடியோ. எங்க பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் போட்டிங்க. எவன் வீடியோ முதல்ல ஸ்டேட்டஸ்ல ஏறுதோ அவன் ஜெயிச்சான்.

நீங்க கரூருங்களா? நானும் கரூர்தான். கொழுந்தியா வீட்டுக்கு. என்ற புள்ள அங்க இருக்குது.

போன வருசம் எங்களுக்குப் பெரிய அவமானம் ஆகிப்போச்சுங்க. வீடியோவுல நாம எல்லாத்தையும் வரைஞ்சு, எது எப்ப எங்க நகரணும்னு சொல்லிட்டாலும், அதை மெஷின் ஒவ்வொரு படமாச் சுட்டு எடுக்கணும். அதுக்குப் பேருதான் ரெண்டர். ஒரு நொடி ஓடறதுக்கே இருபத்தஞ்சு படம் வேணும். ஒரு புள்ளைக்கு அரை நிமிச வீடியோ. ஒரு பள்ளிக்கூடத்துல எத்தனை புள்ளைங்க! மெஷின் சூடாகி, பேன் விமானம் மாதிரி கத்தி, பாதியில நின்னு, மறுபடி முதல்ல இருந்து ஓடி... எங்க வீடியோ போறதுக்குள்ள அன்னைக்குப் பொழுதே போயிருச்சு. அதுக்குள்ள மத்த பள்ளிக்கூடத்து வீடியோவெல்லாம் ஊரைச் சுத்தி வந்துருச்சு. எங்க முதலாளி சதாசிவம், நல்ல மனுசன், என்னை ஒண்ணும் திட்டலை. "அர்த்தநாரி, உனக்கு வயசாயிருச்சுய்யா"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு நாப்பத்தி மூணுங்க.

அந்த வார்த்தை உள்ள போயி உட்கார்ந்துக்கிச்சு. வருசம் பூரா அதே நெனைப்பு. எப்படி வேகமாக்கறது, எப்படி வேகமாக்கறது. சோறு திங்கறப்பவும் அதே. யோசிச்சுப் பாருங்க, இந்தப் புள்ளைக்கும் அந்தப் புள்ளைக்கும் குத்துவிளக்கு ஒண்ணுதான். மத்தாப்பு ஒண்ணுதான். எல்லாப் புள்ளைக்கும் அதே விளக்கை மெஷின் எதுக்குத் திரும்பத் திரும்பச் சுடணும்? அதை ஒரே தடவை சுட்டு எடுத்து வச்சுக்கலாம்ல? போட்டோவும் பேரும் ரிசல்ட்டுக்கு முன்னாலயே தெரியும். அதையும் முன்னாலயே சுட்டு வச்சுரலாம். அன்னைக்குப் புதுசா வர்றது மார்க்கு ஒண்ணுதான். அந்தத் துண்டை மட்டும் சுட்டு, நடுவுல ஒட்டிவிட்டா முடிஞ்சுது சோலி.

அதுக்கு ஒரு புரோகிராம் எழுதுனேன். நானே எழுதுனேன், யூடியூப் பார்த்துப் பார்த்து. பள்ளிக்கூடத்துல இருந்து மார்க்கு வர்ற வரிசையை அது படிக்கும். எது மாறியிருக்குதோ அதை மட்டும் சுடும். மாறலைன்னா, முன்னாடி சுட்டு வச்சதையே எடுத்துக்கும். அவ்வளவுதானுங்க சூட்சுமம். மாறாததைத் தொடாதே. முதலாளி பார்த்துட்டு என் தோள்ல தட்டினாரு. அந்த வருசத்துக்கு அது ஒண்ணு போதும்னு இருந்துச்சு எனக்கு.

என்ற புள்ளயும் அப்ப பன்னண்டாவதுதான். நாங்க வீடியோ பண்ற அதே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துப் பேரு வேணாமுங்க, அவங்க மேல ஒண்ணும் தப்பில்லை. புள்ள பேரு மேகவர்ஷினி. வீட்டுல வர்ஷின்னு கூப்புடுவோம். நல்ல புள்ளைங்க. சத்தமே இருக்காது. கேட்டா பேசும். கேக்காட்டி பேசாது. அது படிப்புல எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டுடியோவுக்கே வந்துச்சு, பையோட. "அப்பா, பிசிக்ஸ் எனக்கு ஏறவே மாட்டேங்குதுப்பா. பயமா இருக்குது"ன்னுச்சு. நான் அப்பதான் அந்த ஒட்டற வேலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். ஒட்டற எடத்துல படம் ஒரு துடி துடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியலை. "இரு கண்ணு, இது ஓடி முடியட்டும்"னேன். உட்கார்ந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தேன், போயிருந்துச்சு. பெருசா ஒண்ணும் இருக்காது, இருந்தா உட்கார்ந்திருக்கும்லன்னு நினைச்சேன். தப்புங்களா? வேலை அப்படிங்க. பாதியில விட்டுட்டு எந்திரிக்க முடியாது.

சரி, ரிசல்ட் அன்னைக்கு வர்றேன்.

காத்தால ரிசல்ட் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து மார்க்கு வரிசை வந்துச்சு. புரோகிராம் ஓட ஆரம்பிச்சுது. ஏனுங், நீங்க பார்த்திருக்கணும்! கண்ணு முன்னாலயே ஒவ்வொரு வீடியோவா முடிஞ்சு முடிஞ்சு விழுது. போன வருசம் ஒரு புள்ளைக்கு ஆன நேரத்துல இந்த வருசம் ஒரு வகுப்பே முடியுது. முதலாளி பின்னால வந்து நின்னு பார்க்கறாரு. பள்ளிக்கூடத்து நம்பர்ல இருந்து தானா அந்தந்த அம்மா அப்பாவுக்குப் போகுது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். என் போன் அடிச்சுக்கிட்டே இருக்குது. பார்த்தா வர்ஷி. கட் பண்ணேன். மறுபடி அடிக்குது. கட் பண்ணேன். நல்ல சேதின்னா சாயங்காலம் வரைக்கும் கெட்டா போகும்? அப்புறம் போனைக் கவுத்து வச்சுட்டேன்.

நீங்க கேக்கறது புரியுது. மார்க்கு வரிசை என் மெஷின்லயே இருந்துச்சே, என் புள்ள வரியைப் பார்க்கலையான்னு. எல்லாம் தானா ஓடுது, நான் எதுக்கு ஒவ்வொரு வரியாப் பார்க்கணும்? கவர்மென்ட்டு எஸ்.எம்.எஸ். கூட என் நம்பருக்குத்தான் வந்திருந்துச்சு. அதையும் பார்க்கலை. பயமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வேலைங்க.

மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. எங்க வீடியோதான் ஊர்லயே முதல். முதலாளி பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. சாப்புட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புனேன். தெருவுக்குள்ள வண்டி திரும்பறப்பவே எதுத்த வீட்டு ஈஸ்வரியக்கா கையைத் தூக்கி, "அர்த்தநாரி, கலக்கிட்டாப்பா உன்ற மக!"ங்குது. வாசல்ல செருப்பா கெடக்குது. உள்ள எம் பொஞ்சாதி சாந்தாமணி லட்டு டப்பாவோட நிக்கறா. கடையில வாங்கிட்டு வந்து தெரு பூராக் குடுத்திருக்கா. அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்குது, சந்தோசத்துல. "ஏனுங், பாருங்க, பாருங்க"ன்னு போனை நீட்டறா.

விளக்கு எரியுது. மத்தாப்பு வெடிக்குது. வர்ஷி போட்டோ சுத்தி வந்து நிக்குது. மார்க்கு கடகடன்னு ஏறி வந்து நிக்குது. ஐநூத்தி எண்பத்தி நாலு.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, கரூர் வந்தா நீங்க யாரோ நான் யாரோ. ஒரு நிமிசம் நான் நம்பிட்டேனுங்க. அந்த நம்பரை அங்க போட்டது நான். என் கையால போட்டது. அப்படியும் ஒரு நிமிசம், "ஏ சாமி!"ன்னு நெஞ்சு பொங்கிருச்சு. அப்புறம்தான் அதை எப்பப் போட்டேன்னு ஞாபகம் வந்துச்சு.

டிசம்பர் மாசம் புரோகிராமை ஓட்டிப் பார்க்கறதுக்கு ஏதாவது ஒரு புள்ளையோட வரி வேணும்ல? போட்டோவோட, பேரோட. கைக்கு வந்தது வர்ஷிதான். என் போன்லயே போட்டோ இருக்குது. மார்க்கு ஒண்ணு போடணும். போட்டேன். சுட்டுச்சு. ஒட்டுச்சு. சரியா வந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு. அந்தத் துண்டு அப்படியே மெஷின்ல கெடந்துச்சு. இப்ப மே மாசம் பள்ளிக்கூடத்துல இருந்து வரிசை வருது. பெயிலான புள்ளைங்களுக்கு வீடியோ வேணாம்னு அவங்க மார்க்கு எடத்தைக் காலியா விட்டுருப்பாங்க. புரோகிராம் ஒவ்வொரு வரியாப் பார்க்குது. காலியா இருக்குதா, புதுசா ஒண்ணும் இல்லை, பழசு ஏதாவது கெடக்குதா? மத்த புள்ளைங்களுக்குப் பழசு இல்லை, அதனால விட்டுருச்சு. என்ற புள்ளைக்கு இருந்துச்சு. எடுத்து ஒட்டி அனுப்பிருச்சு. அத்தனை பள்ளிக்கூடத்து வீடியோவுல அது ஒண்ணுதானுங்க தப்பாப் போனது. முதலாளிக்கு இன்னும் தெரியாது. அவரைப் பொறுத்த வரைக்கும் ஒரு பிழை இல்லாத வேலை.

நான் போனை வச்சுக்கிட்டு நிக்கறேன். கூடத்துல சனம். மூலையில வர்ஷி நிக்குது, சுவத்துல சாஞ்சுக்கிட்டு. ஒரு கையில பாதி தின்ன லட்டு. யாரோ கன்னத்தைக் கிள்ளறாங்க, சிரிக்குது. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. லேசாத் தலையை ஆட்டுச்சு. நான் பார்த்துக்கறேன், நீங்க ஒண்ணும் பேசாதீங்கங்கற மாதிரி.

சாந்தாமணி என் வாயில லட்டைத் திணிச்சா. முழுங்கிட்டேன்.

எல்லாரும் போனதுக்கு அப்புறம் சாந்தாமணி மறுபடி லட்டு வாங்கப் போனா, கோயிலுக்குன்னு. அப்பத்தான் வர்ஷி எங்கிட்ட வந்துச்சு. அழுவலை. அழுதிருந்தாத் தேவலையா இருந்திருக்கும்.

"அப்பா, நான் பிசிக்ஸ்ல பெயில்."

"தெரியும் கண்ணு."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அதனாலதான அந்த வீடியோ போட்டீங்க?"

எனக்குப் புரியலை. "என்ன கண்ணு சொல்ற?"

"நான் பெயிலாயிட்டேன்னு ஆருக்கும் தெரியக்கூடாதுன்னுதான அப்பிடிப் பண்ணி அம்மாவுக்கு அனுப்புனீங்க? காத்தால நெட்டுல பார்த்ததும் உங்களுக்குத்தான் போன் பண்ணேன். நீங்க எடுக்கலை. அப்புறம் வீடியோ வந்துச்சு. சரி, அப்பா யோசிச்சு ஏதோ பண்ணியிருக்காங்கன்னு நினைச்சேன். அம்மாகிட்ட, 'அது இல்லம்மா'ன்னு சொல்லப் போனேன். 'உங்கப்பா போட்டது தப்பா இருக்குமா'ன்னு கட்டிப் புடிச்சுக்கிச்சு. அப்புறம் நானும் விட்டுட்டேன்." கீழ பார்த்துக்கிட்டே கேட்டுச்சு. "நான் பெயிலானது உங்களுக்கு அவ்வளவு அசிங்கமாப்பா?"

எனக்காக, ஏனுங், காத்தால இருந்து எனக்காக அது சிரிச்சுக்கிட்டு இருந்திருக்குது. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் எம் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்குது.

நான் சொன்னேன். அப்பிடியெல்லாம் இல்ல சாமி, இது மெஷின் பண்ண தப்பு, முன்னாடி சுட்டு வச்ச துண்டு, புரோகிராம் பழசை எடுத்துக்கிச்சுன்னு எல்லாம் சொன்னேன். இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். பொறுமையாக் கேட்டுச்சு.

"ஐநூத்தி எண்பத்தி நாலுன்னு மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?"

"அது... டெஸ்ட்டுக்கு நான் போட்டது."

"டெஸ்ட்டுக்குன்னா நூறுன்னு போட்டிருக்கலாமே. ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டிருக்கலாமே. அதென்ன ஐநூத்தி எண்பத்தி நாலு?"

அது கேட்டுக்கிட்டே நின்னுச்சு. கடைசியில அதுவே சொல்லுச்சு. "உங்க முதலாளி பையன் போன வருசம் ஐநூத்தி எண்பத்தி மூணு."

ஆமாங்க. அதுக்கு எப்பிடி ஞாபகம் இருந்துச்சோ தெரியலை. நான் வீட்டுல அடிக்கடி சொல்லியிருப்பேன் போல.

இதுல எம் மேல என்னங்க தப்பு? சொல்லுங்க. எந்த அப்பனுக்கும் ஆசை இருக்காதா? மெஷின்ல ஒரு நம்பர் போட்டுப் பார்த்தேன். அடிச்சேனா? திட்டுனேனா? ஒரு நாளாவது படி படின்னு உட்கார வச்சிருக்கேனா? கேட்டுப் பாருங்க, ஒரு நாள் கூட அது புஸ்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தது கிடையாது நான்.

அதுக்கு அப்புறம் நான் சொன்னதுதான் எனக்கே... சரி, அதையும் சொல்லிடறேன். சாந்தாமணி வர்றதுக்குள்ள ஏதாவது ஒரு வழி பண்ணணும்னு என் புத்தி ஓடுது. நான் சொன்னேன், "கண்ணு, கொஞ்ச நாள் இப்பிடியே விட்டுருவோம். அப்புறம் மறுகூட்டல்ல மார்க்கு கொறைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். கவர்மென்ட்டு மேல போட்டுரலாம்."

அது என்னைப் பார்த்துச்சுங்க. மெஷின் தப்புன்னு நான் அத்தனை நேரம் சொன்னேனே, அதைக் கொஞ்சமாவது நம்பியிருந்துச்சோ என்னமோ. அந்த ஒரு வார்த்தையில எல்லாம் போயிருச்சு.

சாந்தாமணிகிட்ட அதுவே சொல்லுச்சு. சாந்தாமணி அப்பிடியே கீழ உட்கார்ந்துட்டா. என்னைத் திட்டுவான்னு பார்த்தேன். திட்டலை. "காத்தால சொல்ல வந்தியே சாமி, நான் கேக்கலையே"ன்னு புள்ள காலைப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் கூடத்துல நின்னேன். எங்க நிக்கறதுன்னே தெரியலை.

மறுநா காத்தால பார்க்கறேன், வர்ஷி தலை சீவி, துணி மாத்திக்கிட்டுக் கிளம்புது. எங்க கண்ணுன்னேன். லட்டு குடுத்த வீட்டுக்கெல்லாம் போயிச் சொல்லிட்டு வர்றேன்னுச்சு. வேணாம் சாமின்னேன். அம்மா போயிச் சொல்லட்டும்னேன். "லட்டைத் தின்னது நானுந்தானப்பா"ன்னுட்டு இறங்கிப் போயிருச்சு.

கூடப் போயிருக்கணும். தெரியுமுங்க. செருப்பு வரைக்கும் வந்தேன். அப்புறம் பாத்ரூமுக்குள்ள போயி, தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டு நின்னுட்டேன். பாத்ரூம் சன்னல் தெருவைப் பார்த்தது. தண்ணி விழுகற சத்தத்துலயும் ஈஸ்வரியக்கா வாசல்ல அது பேசறது கேக்குது. "அக்கா, நான் பாஸ் ஆகலை. பிசிக்ஸ்ல போயிருச்சு. அப்பா வேலை செய்யற எடத்துல பழைய டெஸ்ட்டு வீடியோ தவறிப்போயி வந்துருச்சு. அம்மாவுக்குத் தெரியாது, அதான் லட்டுக் குடுத்துருச்சு." ஈஸ்வரியக்கா, "அதுக்கென்ன சாமி, மறுபடி எழுதுனாப் போச்சு, உள்ள வா, காப்பி குடி"ங்குது. அடுத்த வீடு. அதுக்கு அடுத்த வீடு. ஒவ்வொரு வாசல்லயும் அதே பேச்சு, ஒரு எழுத்து மாறாம. தண்ணித் தொட்டி நிறைஞ்சு வழியுது. நான் வெளிய வரலை.

திரும்பி வந்ததும் கேட்டேன். "ஏங்கண்ணு, மெஷின் தப்புன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"நீதான் அதை நம்பலையே?"

"அவங்க நம்பட்டும்பா"ன்னுச்சு.

அந்த வாரமே கரூருக்கு வந்துருச்சு, ருக்குமணி சித்தி வீட்டுக்கு. இங்க இருந்தே துணைத்தேர்வுக்குப் படிச்சுது. சித்தப்பன் மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரு, மத்தியானம் கடையில உட்கார்ந்து இவளுக்குப் பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தாராமா. அவரு பி.எஸ்சி. படிச்சவரு. எனக்கு இதெல்லாம் சாந்தாமணி சொல்லித்தான் தெரியும். எங்கிட்டப் பேசுமுங்க, பேசாம இல்லை. போன் பண்ணா எடுக்கும். "நல்லா இருக்கேன்பா, சாப்புட்டீங்களா, வச்சர்றேன்பா." அவ்வளவுதான். நான் அந்தத் துண்டை மெஷின்ல இருந்து அழிச்சுட்டேன்னு சொன்னேன். சரிப்பான்னுச்சு. காலியா இருந்தா வீடியோவே போகாத மாதிரி புரோகிராமை மாத்திட்டேன், இனிமே யாருக்கும் இப்பிடி நடக்காதுன்னு சொன்னேன். நல்லதுப்பான்னுச்சு. அதனால வேகம் கொஞ்சமும் குறையலை தெரியுமான்னும் சொன்னேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலை. ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை. வேற என்ன பேசறதுன்னு தெரியலைங்க.

பாஸ் ஆயிருச்சுங்க! அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. போன வாரம் ரிசல்ட் வந்துச்சு. எத்தனை மார்க்குன்னு நான் கேக்கலை. கேக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு, கேக்காம விட்டுட்டேன். இங்க கரூர்லயே காலேஜ்ல பி.காம். சேருது. எஞ்சினியரிங் எல்லாம் வேணாமாம். எங்கிட்ட யாரும் கேக்கலை. அப்ளிகேசன்ல சித்தப்பன் கையெழுத்துப் போட்டிருக்காரு, காலேஜ்ல ஒத்துக்கலை, அப்பாதான் வரணும்னுட்டாங்களாம். ருக்குமணிதான் நேத்துப் போன் பண்ணா. "மாமா, நீங்க வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போனாப் போதும்"னா. 'மட்டும்'ங்கறது ருக்குமணி வார்த்தையா, வர்ஷி சொல்லச் சொன்னதான்னு தெரியலை. வழி பூரா அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். உங்க போன்ல பாட்டுக் கேட்டு இதையெல்லாம் கொட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.

காவேரிப் பாலம் தாண்டியாச்சுங்களா? அட, ஆமா. பஸ் ஸ்டாண்டே வந்துருச்சே.

அந்தா நிக்குது பாருங்க. அந்தப் பச்சைச் சுடிதார், பைல் வச்சிருக்குதே. சித்தப்பன் வருவாருன்னுதான் நினைச்சேன். தனியா வந்திருக்குது. மெலிஞ்சு போயிருக்குது, இல்லீங்? நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க, முன்னாடி பார்த்ததில்லையே. ஒவ்வொரு சன்னலாப் பார்க்குது. இந்தப் பக்கம் இன்னும் வரலை.

நீங்க இறங்குங்க, இந்தாங்க, காலை நகட்டிக்கறேன். எல்லாரும் இறங்கட்டும். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு இறங்கறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க.